வெள்ளைப் பெட்டிக்கும் கொஞ்சம் மருந்து

சோளப் பெட்டிகளுக்கு மூக்கும் கிடையாது, முழியும் கிடையாது. பசிக்கிறது என்று வாய் திறந்து கேட்கவும் தெரியாது. ஆனாலும் அவற்றைப் பார்த்து ஒரு குழந்தை தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அழுததால் என்னென்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அவளை வீட்டில் எல்லோரும் குண்டுமணி என்று கூப்பிடுவார்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கன்னம் இரண்டும் உப்பலாக இருக்கும். வாயில் எதுவும் இல்லாதபோதும் ஏதோ இருப்பது போலவே தெரியும்.

அவளுடைய அக்கா ஐந்தாம் வகுப்பு. வகுப்பிலேயே உயரம் அவள்தான். அதனால் நெட்டை என்று பெயராகிவிட்டது. ஒருநாள் டீச்சரே மறந்துபோய், "நெட்டை, அந்த ஜன்னலைச் சாத்து" என்று சொல்லிவிட்டார். ஜன்னல் சாத்தப்பட்டது. பெயரும் நிலைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு மஞ்சள் கட்டடம். அது பயிர் ஆராய்ச்சி நிலையம். அம்மாவுக்கு அங்கேதான் வேலை. அப்பா பேருந்து ஓட்டுகிறவர், இருட்டிய பிறகுதான் வருவார். அதனால் பள்ளி விட்டதும் இரண்டு பேரும் சாலையைக் கடந்து அம்மாவின் அறைக்குப் போய்விடுவார்கள்.

அது இரண்டு அறை. வெளி அறையில் ஒரு நீள மேசை, கை கழுவும் தொட்டி, தண்ணீர் வடிகட்டி, அப்புறம் கண்ணாடிக் குடுவைகளை நாளெல்லாம் ஆட்டிக்கொண்டே இருக்கும் ஓர் இயந்திரம். குண்டுமணி அதற்குத் தொட்டில் என்று பெயர் வைத்திருந்தாள். உள் அறைக்குக் கண்ணாடிக் கதவு. பிள்ளைகள் கதவு வழியாகப் பார்க்கலாம், உள்ளே காலடி வைக்கக் கூடாது. அம்மாவே முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் போவாள்.

ஏனென்றால் உள்ளே இருந்தது பூஞ்சை. பச்சைப் பொடி தூவியது போலச் சோளத்தின் மேல் படரும் பூஞ்சை. அது சும்மா படர்ந்தாலும் பரவாயில்லை, படர்ந்த இடத்தில் விஷத்தையும் விட்டுவிட்டுப் போகும்.

"கழுவிட்டாப் போகாதா?" என்று ஒருமுறை நெட்டை கேட்டாள்.

"போகாது. வேகவச்சாலும் போகாது" என்றாள் அம்மா. "போன வருஷம் சோளக்கார மாமா கிடங்கு முழுக்கச் சோளம் வச்சிருந்தார் இல்லையா? வாங்க வந்தவங்க சோதிச்சுப் பார்த்துட்டு, கோழிக்குக்கூடப் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அவ்வளவையும் குழி வெட்டிப் புதைச்சார்."

"பாவம்" என்றாள் குண்டுமணி. அவளுக்கு யாரைப் பார்த்தாலும், எதைப் பார்த்தாலும் பாவம்தான்.

"அதுக்குத்தான் இந்தத் தொட்டில்" என்று அம்மா குடுவைகளைக் காட்டினாள். "மண்ணுல கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா கோடிக்கணக்கா இருக்கு. எல்லாமே கெட்டது இல்லை. மாமாவோட வயல் மண்ணுல ஒரு பாக்டீரியா கிடைச்சுது. அது ஒரு சாறு விடுது. அந்தச் சாறு இருக்கற இடத்துல பூஞ்சையால தலைதூக்க முடியலை."

"சாறுன்னா? எச்சில் துப்புதா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"சீ" என்றாள் குண்டுமணி. அன்றிலிருந்து அதற்கு எச்சில் மருந்து என்று பெயர். அம்மாவும் சில நேரம் மறந்துபோய் அப்படியே சொல்லிவிடுவாள்.

இப்போது பெட்டிகளுக்கு வருவோம். உள் அறையில் இரண்டு அலமாரி. அவற்றில் கண்ணாடி போன்ற மூடி போட்ட பெட்டிகள். எல்லாப் பெட்டியிலும் ஒரே வயலில் பறித்த சோளக் கதிர்கள். எல்லாவற்றின் மேலும் அம்மா அந்தப் பூஞ்சையைக் கொஞ்சம் கொஞ்சம் தூவியிருந்தாள். இடப்பக்கத்துப் பெட்டிகளில் நீலச் சீட்டு ஒட்டியிருந்தது. அவற்றுக்குத் தினமும் மருந்து தெளிப்பாள். வலப்பக்கத்துப் பெட்டிகளில் வெள்ளைச் சீட்டு. அவற்றுக்கு வெறும் தண்ணீர்.

தெளிப்பதற்கு இரண்டு பாட்டில், நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று. நீலப் பாட்டிலை அம்மா பெரிய கேனிலிருந்து மருந்து ஊற்றி நிரப்புவாள். வெள்ளைப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்பது குண்டுமணியின் வேலை. அவளே அடம்பிடித்து வாங்கிக்கொண்ட வேலை. வடிகட்டிக்குக் கீழே முக்காலியைப் போட்டு ஏறி, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் பிடிப்பாள்.

முதலில் எல்லாம் அம்மா நினைத்தபடியே நடந்தது. நீலப் பெட்டிச் சோளம் பளிச்சென்று இருந்தது. வெள்ளைப் பெட்டிச் சோளத்தில் அங்கங்கே பச்சைப் புள்ளி எட்டிப் பார்த்தது.

அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் குண்டுமணி அழுதாள். கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு அழுதாள்.

"எதுக்குடி அழறே?" என்று நெட்டை கேட்டாள்.

"வெள்ளைப் பெட்டிக்கு உடம்பு சரியில்லை."

"அது பெட்டிடி. உள்ளே இருக்கறது சோளம்."

"சோளத்துக்கு உடம்பு சரியில்லை."

நெட்டை சிரித்துவிட்டு வீட்டுப்பாடத்தைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் அன்றைக்குச் சிரிக்காமல் இன்னும் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் தங்கைகள் அழுவதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தால் அக்காமாருக்கு வேறு வேலையே நடக்காதே.

அதற்கப்புறம் அம்மாவின் முகம் மாற ஆரம்பித்தது. இரவுச் சாப்பாட்டின்போது ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் அப்பா.

"வெள்ளைப் பெட்டியில பூஞ்சை புள்ளிக்கு மேல வளரவே மாட்டேங்குதுங்க."

"வளராட்டி நல்லதுதானே?"

"நல்லது இல்லை. மருந்து போட்ட பெட்டியும் போடாத பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தா, மருந்தால என்ன பிரயோஜனம்னு கேப்பாங்க. நான் தூவின பூஞ்சைக்கே வீரியம் இல்லை போலிருக்கு."

"சோதனையைப் பாக்க உங்க மேலதிகாரி மேடம் எப்போ வர்றாங்க?"

"சனிக்கிழமை. இந்தத் தடவையும் தெளிவா வரலைன்னா அறையை வேற வேலைக்குக் கொடுத்துடுவாங்க. என்னைத் தலைமை நிலையத்துக்கு மாத்திடுவாங்க."

"அது எங்கேம்மா இருக்கு?" என்றாள் நெட்டை.

"ரயில்ல ஒரு நாள் முழுக்கப் போகணும்."

"அப்போ நீ எப்போ வருவே?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "முட்டை இன்னும் ஒண்ணு இருக்கு, யாருக்கு வேணும்?" என்றார். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. குண்டுமணிக்கே வேண்டியிருக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை. அம்மா உள் அறையில் குனிந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். குண்டுமணி வழக்கம்போல வெள்ளைப் பாட்டிலை நிரப்பி மேசைமேல் வைத்துவிட்டு, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நெட்டை படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு குளம், அதற்கு மேலே வானம், வானத்தில் மேகம்.

தூரிகையை நனைக்கத் தண்ணீர் வேண்டும். எழுந்து போகச் சோம்பல். கையெட்டும் தூரத்தில் வெள்ளைப் பாட்டில் இருந்தது. மூடியைத் திறந்து அதிலேயே கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, மேகத்துக்காக விட்டிருந்த வெள்ளை இடத்தை நனைத்தாள்.

மேகம் பழுப்பாகிவிட்டது.

நெட்டை தூரிகையைப் பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. மூடியில் ஊற்றியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். ஆறிப்போன டீயில் தண்ணீர் கலந்தது போல இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். மழையில் நனைந்த சாக்கு போல ஒரு வாசனை. அது எச்சில் மருந்தின் வாசனை. அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்த வாசனை.

"குண்டுமணி, இங்கே வா."

"பிஸ்கட் தின்னுட்டு வரேன்."

"பிஸ்கட்டோட வா."

குண்டுமணி வந்தாள். மூடியைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"இதுல தண்ணி மட்டும்தானே பிடிக்கணும்?" என்று நெட்டை மெதுவாகக் கேட்டாள்.

"தண்ணிதான் பிடிச்சேன்."

"வேற?"

குண்டுமணி மேசைக்கடியில் இருந்த பெரிய கேனைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள்.

"பாதி தண்ணி. பாதி எச்சில் மருந்து."

"ஏன்டி அப்படிப் பண்ணினே?"

"நீலப் பெட்டிக்கு மட்டும் மருந்து. வெள்ளைப் பெட்டிக்குத் தண்ணி. அது என்ன தப்பு பண்ணுச்சு?" குண்டுமணியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. "அக்கா, அம்மாகிட்டச் சொல்லாதே."

நெட்டைக்குக் கோபம் வந்தது. தலைமை நிலையம், ஒரு நாள் ரயில் பயணம், அம்மா இல்லாத வீடு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. நன்றாக ஒரு குட்டு வைக்கலாம் என்று கையைக்கூடத் தூக்கினாள். ஆனால் பிஸ்கட்டை வாயில் அடக்கியபடி அழும் ஒரு குழந்தையின் தலையில் குட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை. கை தானாகவே இறங்கிவிட்டது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் நெட்டை.

"நிஜமா?"

"நிஜமா. நீதான் சொல்லப் போறே."

"நானா? மாட்டேன்."

"நான் உன் கையைப் பிடிச்சுக்கறேன். நீ சொல்லி முடிக்கற வரைக்கும் விட மாட்டேன்."

"அம்மா திட்டினா?"

"திட்டினா பாதியை நான் வாங்கிக்கறேன். நீ அன்னிக்கு அழுதப்போ நான் கேக்கவே இல்லையே."

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவு திறந்தது. அம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கண் சோர்ந்திருந்தது.

"இன்னிக்குத் தெளிச்சுட்டா முடிஞ்சுது. நாளைக்கு மேடம்கிட்ட மருந்து வேலை செய்யுதுன்னு காட்ட முடியலைன்னு சொல்லிட வேண்டியதுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெள்ளைப் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினாள்.

நெட்டை தங்கையின் கையை அழுத்தினாள். குண்டுமணி வாயில் இருந்ததை ஒரே விழுங்காக விழுங்கினாள்.

"அம்மா, அதுல மருந்து இருக்கு."

"நீலத்துல இருக்கு கண்ணு. இது வெள்ளை."

"வெள்ளையிலயும் இருக்கு. நான் ஊத்தினேன்."

அம்மா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். அது ஒளி ஊடுருவாத பாட்டில், ஒன்றும் தெரியவில்லை. தொட்டியில் கொஞ்சம் ஊற்றினாள். தெரிந்தது.

"எப்போலேர்ந்து ஊத்தறே?"

"அழுதேனே, அன்னிலேர்ந்து."

"எவ்வளவு?"

"பாதிக்குப் பாதி. ரொட்டி வெட்டும்போது நீதானே சொல்லுவே, ரெண்டு பேருக்கும் சமமா இருக்கணும்னு."

அம்மா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கேனை இழுத்து அசைத்துப் பார்த்தாள். தொட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"கேன் இவ்வளவு சீக்கிரம் காலியாகுதேன்னு நினைச்சேன்" என்றாள். "மூடி ஒழுகுதுன்னு புது மூடிகூட வாங்கிப் போட்டேன்."

"மூடி நல்லா இருக்கும்மா" என்றாள் குண்டுமணி, மூடிக்காகப் பரிந்துகொண்டு.

அம்மா அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். "கேனை எட்டற இடத்துல வச்சது என் தப்பு. ஏன் தண்ணி தெளிக்கறோம்னு உனக்குச் சொல்லாததும் என் தப்புதான். ஆனா இப்போ சோதனை கெட்டுப்போச்சு கண்ணு. நாளைக்குக் காட்ட ஒண்ணும் இல்லை."

அன்றைக்கு அம்மா எதையும் தெளிக்கவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினார்கள்.

சாலையோரம் நடந்து வரும்போது குண்டுமணி கேட்டாள்: "அக்கா, வெள்ளைப் பெட்டிக்கு ஏன் மருந்து கொடுக்கக் கூடாது?"

அம்மா ஏதோ யோசனையில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நெட்டைதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"இங்கே பார். புதுசா ஒரு செருப்பு வந்திருக்கு. போட்டா வேகமா ஓடலாம்னு கடைக்காரர் சொல்றார். நிஜமான்னு பாக்கணும். நீ என்ன பண்ணுவே?"

"போட்டுக்கிட்டு ஓடுவேன்."

"உன் சிநேகிதியும் கூட ஓடறா. அவளும் அதே செருப்பைப் போட்டுக்கிட்டா?"

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம்."

"அப்போ செருப்பு நல்ல செருப்பான்னு தெரியுமா?"

குண்டுமணி நின்று யோசித்தாள். "தெரியாது. அவ வெறுங்காலோட ஓடணும்."

"அதேதான். வெள்ளைப் பெட்டி வெறுங்காலோட ஓடணும். நீ அதுக்கும் செருப்பு மாட்டிவிட்டுட்டே."

"நடுவழியில மாட்டிவிட்டேன்" என்று குண்டுமணி திருத்தினாள். "முதல்ல வெறுங்காலோடதான் ஓடுச்சு."

நெட்டை சட்டென்று நின்றாள். நடுவழியில். ஆமாம், முதலில் வெறும் தண்ணீர்தான். அப்போது பச்சைப் புள்ளி வந்தது. அதற்கப்புறம்தான் மருந்து. அதற்கப்புறம் புள்ளி வளரவில்லை.

"அம்மா" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "வெள்ளைப் பெட்டியில பூஞ்சை வந்துட்டு நின்னுச்சு. அது ஏன் நின்னுச்சு?"

"நான்தான் சொன்னேனே, தூவின பூஞ்சைக்கே வீரியம்..." என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்தினாள்.

"குண்டுமணி மருந்து ஊத்தினப்புறம்தானேம்மா நின்னுச்சு?"

"அப்படித்தான் தோணுது. ஆனா வீரியம் இல்லாமலே நின்னுருக்கலாம். கடைசி வரைக்கும் மருந்தே படாத பெட்டி ஒண்ணு இருந்தாத்தான் சொல்ல முடியும். எல்லாப் பெட்டிக்கும்தான் இவ தெளிக்க வச்சுட்டாளே."

"ஒரு பெட்டி இருக்கு" என்றாள் நெட்டை. "முதல் நாள் ஒண்ணோட மூடி இறுகிப்போச்சு, தெளிக்கிற துவாரம் திறக்கலைன்னு தனியா எடுத்து வச்சியே. உறையில போட்டு அலமாரி உச்சியில வச்சிருக்கே. கதவு வழியாப் பார்த்தா எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது" என்றாள் குண்டுமணி.

"உனக்குத் தெரிய இன்னும் நாலு முக்காலி வேணும்."

அம்மா இவர்கள் பேசுவதைக் கேட்கவில்லை. திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நடை கொஞ்ச நேரத்தில் ஓட்டமாகிவிட்டது. பிள்ளைகள் புத்தகப் பைகள் குலுங்கப் பின்னால் ஓடினார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு மூக்கு ஒட்டிக்கொண்டு காத்திருந்தன. உள்ளே அம்மா முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, அலமாரி உச்சியிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினாள். உறைக்கு மேலாகவே விளக்கைப் பிடித்தாள்.

பெட்டி முழுவதும் பச்சை. கதிர் எது, மணி எது என்றே தெரியவில்லை. பச்சை வெல்வெட் துணியைச் சுற்றிவைத்தது போல இருந்தது.

அம்மா அந்தப் பெட்டியை வெள்ளைப் பெட்டி ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்தாள். இதிலும் பூஞ்சை இருந்தது, ஆனால் சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான். அவ்வளவோடு நின்றிருந்தது. அம்மா கண்ணாடி வழியாகப் பிள்ளைகளைப் பார்த்தாள். முகமூடி போட்டிருந்தாலும் சிரிப்பது தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் மேடம் வந்தார். குள்ளமான உருவம், நரைத்த தலை, அளந்து பேசுகிறவர். கூடவே சோளக்கார மாமாவும் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார். அந்த மருந்து அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அந்தத் தொப்பியைப் பார்த்தாலே தெரியும்.

அம்மா எதையும் மறைக்கவில்லை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள்.

"யார் கலந்தது?" என்றார் மேடம்.

வெளி அறை மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு குண்டுக் கை உயர்ந்தது. மறு கையை நெட்டை பிடித்திருந்தாள்.

மேடம் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கலக்கும்போது சிந்தினியா?"

"ஒரு சொட்டுகூடச் சிந்தலை."

"ம்" என்றார் மேடம். என் மாணவர்கள் எல்லோருமே சிந்துகிறார்களே என்று நினைத்தாரோ என்னவோ.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "டாக்டரம்மா, எனக்கு இந்தக் கலர் சீட்டு கணக்கெல்லாம் புரியாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பூஞ்சை வரும்னு முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? நான் கதிரைப் பிரிச்சுப் பாக்கும்போது அது வந்து உக்காந்திருக்கும். அப்புறம் இந்த மருந்தை அடிச்சா நிக்குமா, நிக்காதா?"

"அதை நான் சோதிக்கவே இல்லை அண்ணே" என்றாள் அம்மா. "முதல் நாள்லேர்ந்து அடிச்சாத்தான் பலன்னு நானே முடிவு கட்டிட்டேன். இப்போ இதைப் பாருங்க."

மூன்று பெட்டிகளும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாக இருந்தன. பளிச்சென்று ஒன்று. பொத்தான் புள்ளிகளோடு ஒன்று. பச்சை வெல்வெட்டாக ஒன்று. மாமா பார்த்தார். தொப்பியைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

மேடம் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார். பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

"இது ஆதாரம் ஆகாது."

"ஆகாது மேடம்."

"ஒரே ஒரு பெட்டியை வச்சு எதுவும் சொல்ல முடியாது. விஷம் எவ்வளவு இருக்குன்னும் அளந்து பாக்கலை."

"இல்லை மேடம்."

"ஆனா நல்ல கேள்வி" என்றார் மேடம். "நம்ம யாருக்கும் தோணாத கேள்வி."

"எனக்குத் தோணுச்சுங்களே" என்றார் மாமா.

"உங்களை நாங்க கேக்கவே இல்லையே" என்றார் மேடம். முதல்முறையாக அவருடைய உதடு கொஞ்சம் வளைந்தது. அம்மாவின் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவை செய்யுங்க. இந்தத் தடவை மூணு அலமாரி. முதல்லேர்ந்தே மருந்து, பூஞ்சை வந்தப்புறம் மருந்து, வெறும் தண்ணி. அடுத்த அறுவடை வரைக்கும் இந்த அறை உங்களோடதுதான்."

"அப்போ அம்மா ரயில்ல போக வேண்டாமா?" என்று நெட்டை கேட்டுவிட்டாள்.

"எந்த ரயில்?" என்றார் மேடம்.

அம்மா அவசர அவசரமாக, "ஒண்ணும் இல்லை மேடம்" என்றாள். ஆனால் நெட்டையின் தோளில் வைத்த கையை அப்புறம் எடுக்கவே இல்லை.

அடுத்த வாரமே மூன்றாவது அலமாரி வந்தது. மாமா புதுக் கதிர்களைத் தானே தேர்ந்து பறித்துக் கூடையில் கொண்டுவந்து கொடுத்தார். கேன் அலமாரிக்கு மேலே ஏறிவிட்டது. பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும் வேலை குண்டுமணியிடமே இருந்தது. வேறு யாராவது பிடிக்கட்டும் என்று அப்பா சொன்னபோது நெட்டைதான், "வேண்டாம்பா, ஏன் கலக்கக் கூடாதுன்னு இந்த வீட்டுலயே நல்லாத் தெரிஞ்சது இவளுக்குத்தான்" என்றாள்.

குண்டுமணி ஒழுங்காகத்தான் பிடித்தாள். வெறும் தண்ணீர். நாக்கைத் துருத்திக்கொண்டு, சிந்தாமல்.

ஆனால் வெள்ளைப் பெட்டியில் முதல் பச்சைப் புள்ளி வந்த அன்று, கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். இந்த முறை நெட்டை சிரிக்கவில்லை. பக்கத்தில் போய்த் தானும் நின்றுகொண்டாள்.

"பாவமா இருக்கா?"

"ம். வெறுங்காலோட ஓடுது. கால் வலிக்கும்."

"வலிக்கும்தான்."

"மருந்து தர மாட்டேன். ஆனா ஒரு பாட்டு பாடவா? பாட்டு மருந்து இல்லையே."

நெட்டை திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா அன்றைக்கு அளவுகள் பார்க்க வந்திருந்த மேடத்தைப் பார்த்தாள். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பெரிய ஆராய்ச்சியைப் பற்றி யோசிப்பது போல யோசித்தார்.

"பாடலாம்" என்றார். "ஆனா ஒண்ணு. மூணு அலமாரிக்கும் ஒரே பாட்டு, ஒரே நேரம், ஒரே சத்தம். ஒண்ணுக்குக் கூடவும் கூடாது, ஒண்ணுக்குக் குறையவும் கூடாது."

குண்டுமணி தலையை ஆட்டினாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவின் சரிநடுவில் போட்டாள். நடுதானா என்று அக்காவைப் பார்க்கச் சொன்னாள். நெட்டை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "இன்னும் ஒரு விரல் இடப்பக்கம்" என்றாள். குண்டுமணி ஒரு விரல் தள்ளிப் போட்டு, மேலே ஏறி நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.